புல்லட்டைப் புதிதாக்காதீர்கள்

(கருவேப்பிலங்குறிச்சியில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்தே சீர்செய்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வரும்.

தாத்தாவோ மாமாவோ ஓட்டிய புல்லட் ஒன்று கைக்கு வந்ததும் அதை முதலில் எங்கே கொண்டுபோகிறோம்? பெயிண்ட் கடைக்கு. டேங்கைச் சுரண்டி மேட் கருப்பு அடிக்கிறோம். ஹேண்டில்பாரை மாற்றுகிறோம், அகல டயர் போடுகிறோம், காது கிழிகிற சைலன்சர் மாட்டுகிறோம். போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிய பிறகுதான் "ஏன் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது?" என்று மெக்கானிக்கைத் தேடுகிறோம். நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. வண்டி ஓட வேண்டும், பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும், நம்பி ஏறி வெளியூர் போய்வர முடிய வேண்டும். அதற்கு எது தேவையோ அதை மட்டும் மாற்றுங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். பழைய வண்டியை ஓடவைப்பது ஒரு வேலை, புதிதாக்குவது வேறு வேலை. முதல் வேலையைச் செய்ய வாருங்கள் என்றுதான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

இந்த வேலைக்கு நம் ஊர்ப் பக்கத்தில் இருக்கிற வசதி உலகத்தில் பல இடங்களில் இல்லை. அதற்குக் காரணம் சென்னையின் திருவொற்றியூர். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-இல் புல்லட் என்ற பெயரை முதலில் வைத்தது. நாம் இன்று புல்லட் என்று அடையாளம் காண்கிற உருவம் 1940-களின் கடைசியில் வந்தது. பின்சக்கரத்துக்கு ஸ்விங்ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்த அந்த வண்டி, 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சோதனை ஓட்டத்தில் தங்கப் பதக்கங்கள் வாங்கியது. அடுத்த ஆண்டே மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இந்தியாவுக்கு இறக்குமதி செய்யத் தொடங்கியது. எல்லையில் ரோந்து போக ஏற்ற வண்டி என்று இந்திய ராணுவமும் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி, 1956 முடிவதற்குள் 163 வண்டிகளை வெளியே விட்டார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராகத் தொடங்கின.

அதற்கப்புறம் நடந்தது விசித்திரம். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் மிச்சமிருந்த ஆலையிலும் உற்பத்தி நின்றது. தாய்க் கம்பெனி போய்விட்டது, ஆனால் சென்னையில் வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977-இல் இங்கே செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். 1994-இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது, ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயரும் திரும்பி வந்தது. அப்போதும் என்ஜின் மாறவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி கொண்ட அந்தக் காஸ்ட் அயர்ன் என்ஜின் 2010-ஐ ஒட்டித்தான் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரே என்ஜின்.

இதை முன்னேற்றமின்மை என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் போட்டி குறைவு, வாங்குகிறவனுக்கு வேறு வழியும் குறைவு, அதனால் மாற்ற வேண்டிய அவசரம் கம்பெனிக்கு இல்லை. அதையும் மறுக்க வேண்டாம். ஆனால் அந்தத் தேக்கத்தின் பலனை இன்று அனுபவிக்கிறவர்கள் நாம். ஐரோப்பாவில் 1950-களின் வண்டி ஒன்றைப் பிரிப்பவர் ஒரு கேஸ்கெட்டுக்காக மாதக்கணக்கில் தவம் கிடப்பார். நமக்குச் சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அரை நாள் அலைந்தால் பாதிச் சாமான் கிடைத்துவிடும். மைசூரில் 1961-இல் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்ட பிறகு ஜாவா, யெஸ்டி வண்டி வைத்திருப்பவர்கள் சாமானுக்குப் பட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்கள், புல்லட்காரர்களின் அதிர்ஷ்டம் புரியும்.

நெடும்பயணத்துக்கு இந்த வண்டி ஏன் பொருந்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என்ஜினில் கை வைத்தால் அதைக் கெடுத்துவிடுவோம். போரைவிட ஸ்ட்ரோக் நீளம், உள்ளே கனத்த ஃப்ளைவீல். அதனால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும். மொத்தச் சக்தி 18 குதிரைதான். ஆனால் மணிக்கு அறுபது, அறுபத்தைந்தில் நாள் முழுக்க அலுங்காமல் போகும். அந்த வேகத்துக்காகப் பிறந்த என்ஜின் அது. நூறில் விரட்டி, "பழைய வண்டி, சீஸ் ஆகிவிட்டது" என்று சொன்னால் அது வண்டியின் குற்றம் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலைக்கு ஸ்பேனர் வேண்டாம், கண்ணாடியும் டார்ச்சும் போதும். ஆர்சி புக்கை எடுத்து, அதிலிருக்கும் என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்தை முடியுங்கள். காகிதம் இல்லாத வண்டிக்குப் போடும் ஒவ்வொரு ரூபாயும் காயலாங்கடைக்குப் போய்ச் சேரும்.

காகிதத்தில் இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வழக்கமான பதிவு. முதல் பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த வின்டேஜ் விதி. ஐம்பது ஆண்டைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் தருகிறார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அந்த நம்பர் வாங்கிய வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். அதே விதியில் கவனிக்க வேண்டிய ஒரு நிபந்தனையும் இருக்கிறது. வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், சேஸையோ உடலையோ என்ஜினையோ பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. சாதாரணப் பதிவுக்கும், ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆக, சேஸை அறுத்து நீட்டுகிற தம்பி அழகை மட்டும் கெடுக்கவில்லை, வண்டியின் சட்ட உரிமையையும் சேர்த்தே அறுக்கிறான்.

அடுத்து, பிரிப்பது. பிரிப்பதற்கு முன் வண்டியைக் கழுவாதீர்கள். எந்த இடத்தில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் செயின் உரசியிருக்கிறது என்று அந்த அழுக்கு சொல்லும். அதைப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் இரண்டு கோணத்தில் போட்டோ எடுங்கள். கழற்றிய நட்டு, வாஷர்களைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். கேபிள் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது, வயர் எந்த கிளிப்பில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் பூட்டும்போதுதான் நினைவுக்கு வராமல் கழுத்தறுக்கும்.

கருவியில் ஒரு எச்சரிக்கை. புல்லட்டில் உள்ள நட்டு போல்ட் பலவும் பழைய இங்கிலாந்து அளவில் வந்தவை. பிந்தைய வண்டிகளில் மெட்ரிக்கும் கலந்திருக்கும். விட்வொர்த் என்ற அந்த இங்கிலாந்து அளவின் ஸ்பேனர் வேண்டிய இடத்தில் பதினான்கு நம்பர் ஸ்பேனரைத் திணித்தால் நட்டின் மூலை மழுங்கும், அப்புறம் உளியும் சுத்தியும்தான். விட்வொர்த் செட் ஒன்று வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். முரண்டு பிடிக்கும் நட்டுக்கு முந்தின நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறப் போடுங்கள். வீட்டு வேலையில் நமக்கு இருக்கிற ஒரே செல்வம் அவசரமின்மை. வாடகைக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக் கிடைக்காத சொத்து அது.

என்ஜினுக்குள் போவோம். வருஷக்கணக்கில் நின்ற புல்லட்டை நேராக கிக் அடிக்காதீர்கள். இந்த என்ஜினில் ஆயில் தனி அறையில் இருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று கீழே வடிந்ததைத் திருப்பி அனுப்பும். வண்டி சும்மா நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் நிறைந்துவிடும். முதலில் டிரெயின் பிளக்கைத் திறந்து எல்லா ஆயிலையும் வடித்துவிட்டு, அதை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பளபளவென்று உலோகத் தூள் தெரிந்தால் உள்ளே தேய்மானம் அதிகம் என்று பொருள். பழைய புல்லட்டில், கனெக்டிங் ராடின் கீழ் முனையான பிக் எண்டில் பந்துகளோ உருளைகளோ கிடையாது. வெள்ளை உலோகம் பூசிய மிதக்கும் புஷ் ஒன்றுதான் சுழலும். சுத்தமான ஆயில் கிடைக்கும்வரை அது உழைக்கும், அழுக்கு ஏறினால் சீக்கிரம் போய்விடும். ஹெட்டையும் சிலிண்டரையும் எடுத்த பிறகு கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவு இருக்கும், பயப்பட வேண்டாம். மேல் கீழாக 'டக்' என்று அசைந்தால் கிராங்க் பட்டறைக்குப் போக வேண்டும்.

சிலிண்டர் கழன்றதும் "போர் போட்டுடலாம்ணே" என்று ஒரு குரல் வரும். கொஞ்சம் பொறுங்கள். போர் கேஜ் வைத்து மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டிக்குப் பெரிதாக்கிய பிஸ்டன் இருபது, நாற்பது, அறுபது என்று கிடைக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு. ஒவ்வொரு தடவை போர் போடும்போதும் அந்தச் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கு லேத்தின் அடியில் தூளாகக் கொட்டுகிறது. அறுபதையும் தாண்டினால் புது ஸ்லீவ்தான் இறக்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் ரிங் மட்டும் மாற்றி விட்டுவிடுங்கள். தேவையில்லாமல் எடுத்த இரும்பைத் திருப்பி வைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது.

வால்வுகளைப் பேஸ்ட் போட்டு லேப்பிங் செய்துவிட்டு, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். சீட்டின் ஓரத்தில் கசியவில்லை என்றால் வேலை முடிந்தது. டேப்பெட் வைப்பதற்கு ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வுகள் மூடிய நிலையில் புஷ் ராடை விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டைமிங் கியர்களில் புள்ளி வைத்திருப்பார்கள், புள்ளிக்குப் புள்ளி நேராக வைத்துப் பூட்டுங்கள். பிறகு ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு என்ஜினைச் சுற்றுங்கள். அங்கே ஆயில் எட்டிப் பார்த்தால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்கிறவர், போட்ட காசைத் தானே தீ வைத்துக் கொளுத்துகிறார்.

இப்போது மின்சாரம். பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பக்கத்து ஊர்க்காரர்களான உங்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. அங்குள்ள சூளைகளில் ஜாடியும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் சுட்டு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். பீங்கான் தொழில்நுட்பம் படிப்பதற்கென்றே அங்கே அரசு நிறுவனம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுவும் உங்கள் சூளையின் சொந்தக்காரப் பொருள்தான். ஆரம்பத்தில் சாதாரணப் பீங்கானில் செய்தார்கள், 1930-களுக்குப் பிறகு அலுமினாவுக்கு மாறினார்கள். அதைச் சுட ஏறத்தாழ 1,600 டிகிரி சூடு வேண்டும். ஒரு பக்கம் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம், இன்னொரு பக்கம் பெட்ரோல் எரியும் நெருப்பு. இரண்டுக்கும் நடுவில் விரிசல் விடாமல் நிற்பது அந்த வெள்ளைத் துண்டு.

சூளையிலிருந்து வந்த பண்டத்தின் நிறத்தைப் பார்த்தே சூடு ஏறியதா இறங்கியதா என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். பிளக்கின் முனையையும் அப்படியே படிக்கலாம். ஓடிய வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எல்லாம் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் விடுகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கரியோடு எண்ணெய்ப் பிசுபிசுப்பும் இருந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்துவிட்டது. சுண்ணாம்பு வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் சூடாகிறது, உடனே கவனிக்க வேண்டும்.

பிளாட்டினம் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டிகளில் நோய் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பாயிண்ட் கருகியிருக்கும், கண்டென்சர் செத்திருக்கும், எர்த் வயர் துருவின் மேல் உட்கார்ந்திருக்கும். பழைய வண்டி என்றால் 6 வோல்ட், பிந்தையவை 12 வோல்ட். 6 வோல்ட் வண்டிக்கு விளக்கு மங்கல் என்று குறை சொல்வார்கள். அதில் பாதி வோல்ட்டின் குறை, மீதிப் பாதி கெட்ட எர்த்தின் குறை.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கு இரண்டு பட்டியல் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியவை: டயர், டியூப், பிரேக் ஷூ, எல்லா கேபிள்களும், பெட்ரோல் ஹோஸ், வயரிங் முழுவதும், ஃபோர்க் ஆயில் சீல். டயரில் பட்டன் எத்தனை உயரம் என்று மட்டும் பார்க்காதீர்கள், ஓரத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் அச்சடித்திருக்கும், அதையும் படியுங்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருந்திருக்கலாம், அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். இவையெல்லாம் உயிர் சம்பந்தப்பட்டவை, இவற்றில் பழமைக்கு மரியாதை கிடையாது.

கை வைக்கக் கூடாதவை: ஓடும் நிலையில் உள்ள அசல் கார்புரேட்டர், அசல் மட்கார்டு, நம்பர் குத்திய எந்த உலோகமும், பெயிண்ட் தாங்கும் நிலையில் உள்ள டேங்க். சென்னைத் தொழிற்சாலையில் புல்லட் டேங்கின் தங்கக் கோட்டைத் தூரிகையால் கையிலேயே இழுப்பார்கள். ஸ்டிக்கர் இல்லை, ஸ்டென்சில் இல்லை. அந்தக் கோடு இன்னும் தெரிகிற டேங்கைச் சுரண்டினால் ஒரு கைவினைஞர் வரைந்ததை அழிக்கிறீர்கள். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012-இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. முதலில் இருப்பதைக் காப்பாற்று, காப்பாற்ற முடியாதபோது மட்டும் மாற்று என்பது அதன் சாரம். பன்னாட்டுக் கூட்டமைப்பு கூடிப் பேசி எடுத்த முடிவுக்கு, பழைய நட்டைத் தூக்கி எறியாமல் டப்பாவில் போட்டு வைக்கும் நம்மூர் மெக்கானிக் எப்போதோ வந்துவிட்டார்.

பெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்றால் அதைக் கடைசியில் செய்யுங்கள். துரு தின்ற டேங்கை வீட்டில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். காலி டேங்க் என்று நினைப்பதில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும், வெடித்துவிடும். குரோம் முலாமும் வீட்டு வேலை இல்லை, அதன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுக்கும். முறையாக நடத்தும் இடத்தில் கொடுங்கள்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இன்று பங்க்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1960-களின் ரப்பரும் வார்னிஷும் இதைப் பார்த்ததே இல்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், டேங்கில் தூங்கிக்கொண்டிருக்கும் துருவைக் கிளப்பிவிடும். ஆகவே புது ஹோஸ் போடும்போது எத்தனால் தாங்குவதா என்று கேட்டு வாங்குங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று, ஸ்டார்ட் செய்ய வேண்டும். புல்லட்டை உதைப்பதற்கு உடம்பு வலு தேவை என்பது கட்டுக்கதை. சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஒரு இடத்தில் முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, உச்சியைத் தாண்டவிட்டு, டிகம்ப்ரசரை விடுங்கள். கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே சீராக உதையுங்கள், திராட்டிலில் கை வைக்காதீர்கள். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணும் இப்படி ஸ்டார்ட் செய்யலாம். முறை தெரியாமல் முரட்டுத்தனமாக உதைக்கிறவருக்குக் கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் போகும். போர் போட்ட என்ஜினாக இருந்தால் முதல் 500 கிலோமீட்டர் ஐம்பதுக்கு மேல் போகாதீர்கள், அது முடிந்ததும் ஆயிலை மாற்றுங்கள். முதல் ஓட்டம் இங்கிருந்து விருத்தாசலம் வரை போதும். சூடு ஆறியபின் ஒவ்வொரு நட்டையும் திரும்ப முறுக்கிப் பாருங்கள். பிறகு சிதம்பரம், பிறகு நீங்கள் நினைத்த ஊர்.

கடைசியாக, மனதுக்கு வருத்தமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமான் கிடைக்கிறது, ஆனால் கை குறைகிறது. காஸ்ட் அயர்ன் என்ஜினின் சத்தத்தைக் கேட்டே "டேப்பெட் இல்ல, பிஸ்டன் பின்" என்று சொல்கிற மெக்கானிக்குகளுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அவர்களுடைய பிள்ளைகள் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு ஸ்கேனர் பிடிக்கக் கற்றுவிட்டார்கள், அதில் தப்பில்லை, பிழைப்பு அங்கேதான். ஆனால் எந்தச் சத்தம் எந்த நோய் என்ற அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அந்த முதியவர்களின் கிரீஸ் படிந்த விரல்களில் இருக்கிறது, அவர்களோடு போய்விடும்.

அதனால் இந்தக் கூட்டத்தில் இருக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. வீட்டில் பழைய புல்லட் இருந்தால் காயலாங்கடைக்காரர் சொல்லும் விலைக்கு மயங்காதீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். வண்டியை யார் வாங்கினார்கள், எங்கெல்லாம் போனது, எப்போது என்ஜின் இறக்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அப்பாவிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். பின்னால் உட்கார்ந்து புடவையில் ஆயில் கறை வாங்கிய அம்மாவுக்கும் அத்தைக்கும் அந்த வண்டியின் கசிவுகள் இன்னும் துல்லியமாகத் தெரியும். பிறகு உங்கள் ஊரின் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போய், "அண்ணே, நீங்க சொல்லுங்க, நான் கழட்டுறேன்" என்று கேளுங்கள். அவர் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள். அவர் சொல்வதையெல்லாம் அதே நோட்டில் எழுதுங்கள், அவர் கேட்கச் சொல்லும் சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். வண்டி தயாரானதும் அந்த நோட்டைப் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுங்கள், அவன் வேலையை அங்கிருந்து தொடங்கட்டும். வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். பெயிண்ட் கடைக்கு மட்டும் போய்விடாதீர்கள்.